மீன் வாங்கிய குற்றம்: சப்ராத்தா சூனிய வழக்கு, கி.பி. 158–159

ஓயா நகரத்து மன்றவெளியில் ஒருவர் கையில் கடிதத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, கடிதத்தில் ஒரு துண்டை மட்டும் திறந்து காட்டினார். மீதியை மறைத்துக்கொண்டார். கேட்டால், அதெல்லாம் நாலு பேருக்குக் காட்டுகிற விஷயமில்லை என்றார். காட்டிய துண்டில் கிரேக்கத்தில் இப்படி இருந்தது: அப்புலேயஸ் மந்திரவாதி, அவர் எனக்கு வசியம் வைத்துவிட்டார், நான் காதலில் கிடக்கிறேன்.

எழுதியவர் புடென்டில்லா. பணக்காரக் கைம்பெண், இரண்டு மகன்களுக்குத் தாய். அப்புலேயஸ் அவரைப் பின்னால் மணந்த பேச்சாளர், சூனிய வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர். காட்டித் திரிந்தவர் ஹெரன்னியஸ் ரூஃபினஸ், மூத்த மகனின் மாமனார். ஓயா என்பது இன்றைய லிபியாவின் திரிப்போலி. வழக்கு நடந்த சப்ராத்தா அதற்கு மேற்கே, அதே கடற்கரையில் இருக்கிறது. ஆப்பிரிக்க மாகாணத்தின் ஆளுநர் கிளாடியஸ் மாக்ஸிமஸ் சுற்றுப்பயண நீதிமன்றம் நடத்த அங்கே வந்திருந்தார். கி.பி. 158 முடிகிற நேரம், அல்லது 159இன் தொடக்கம். ரோமில் அந்தோனினஸ் பயஸ் ஆட்சி.

ரோமானியர் காலத்துச் சூனிய வழக்கு ஒன்றில் குற்றம்சாட்டப்பட்டவரின் முழு வாதமும் நம் கைக்கு வந்திருப்பது இந்த ஒன்றில்தான். மற்ற வழக்குகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே சாட்சி, நகல், சீதனப் பத்திரம், உயில் எல்லாம் கண்முன் விரிகின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மிடம் இருப்பது ஒரு தரப்பு உரை. அதுவும் பேசிப் பிழைப்பவர் ஒருவர் பேசி, பிறகு ஏட்டுக்காக மெருகேற்றியது. எதிர்த்தரப்பு முட்டாள்களாகத் தெரிந்தால், அதில் பாதியாவது அவர் கைவண்ணம்.

வேர் வேறு இடத்தில்

அப்புலேயஸ் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள மதௌராவைச் சேர்ந்தவர். தந்தை ஊரின் உயர் பதவியில் இருந்தவர். அவர் இறந்தபோது இவருக்கும் அண்ணன் தம்பி என்று இருந்த ஒருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கிடைத்தது. இவர் தன் பங்கில் பெரும்பகுதியைக் கார்த்தேஜ், ஏதென்ஸ் என்று படிப்பிலும் பயணத்திலும் நண்பர்களுக்குக் கொடுத்தும் கரைத்துவிட்டார். அலெக்சாந்திரியாவுக்குப் போகும் வழியில் ஓயாவில் உடம்பு சரியில்லாமல் தங்கினார். அங்கே இருந்த பொன்டியானஸ், ஏதென்ஸில் பழகிய நண்பர், பார்க்க வந்தார். குளிர்காலம் கழியட்டும், எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கடல் தெரியும் என்று அழைத்துப்போனார்.

பொன்டியானஸின் தாய்தான் புடென்டில்லா. கணவர் சிசினியஸ் அமிக்கஸ் இறந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள். அவர் மறுமணம் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் துக்கமில்லை, மாமனார். வெளியில் மணம் செய்தால் பேரன்களுக்கு அவர்கள் தந்தையின் சொத்தில் ஒரு காசு வராது என்று கிழவர் மிரட்டினார். தன் இன்னொரு மகன் கிளாரஸுக்கே இவரைக் கட்டிவைத்துச் சொத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது அவர் திட்டம். புடென்டில்லா மறுக்கவில்லை. நிச்சய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார், அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். கிழவர் கண்ணை மூடும்வரை தள்ளினார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இந்தப் பெண்தான்.

அவர் சொத்து 40 லட்சம் செஸ்டர்ஸ். செனட் உறுப்பினராவதற்குத் தேவையான சொத்து வரம்பு 10 லட்சம். படைவீரன் ஒருவனுக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் 1,200. அந்தப் பணம் எந்த வீட்டுக்குப் போகும் என்பதுதான் ஓயாவில் உண்மையான கேள்வி. இவர் மணம் செய்தே தீருவேன் என்றதும் மகன் பொன்டியானஸ் பயந்துபோய் ரோமிலிருந்து ஓடி வந்தார். பேராசைக்காரன் எவனாவது மாற்றாந்தந்தையாக வந்துவிட்டால்? தன் நண்பர், படித்தவர், பணத்தைப் பெரிதாக நினைக்காதவர். அவரே வரட்டும் என்று மகனே பேச்சை எடுத்தார்.

அப்படி இருந்தவர் ரூஃபினஸின் மகளை மணந்ததும் மாறிப்போனார். மாமனார் தூபம் போட்டார், இவர் அம்மாவின் மணத்தை எதிர்த்தார். மணம் நடந்தது, பிறகு பொன்டியானஸ் சமாதானமாகி மன்னிப்பும் கேட்டார். அதற்குள் நோய் வந்து இறந்துவிட்டார். உயிலில் தாயும் தம்பியும் வாரிசுகள். மனைவிக்கு, அதாவது ரூஃபினஸின் மகளுக்கு, சுமார் 200 தெனாரி, அதாவது 800 செஸ்டர்ஸ், மதிப்புள்ள துணி மட்டும். வேண்டுமென்றே செய்த அவமானம் அது. ரூஃபினஸ் அந்த மகளை உடனே தம்பி புடென்ஸ் பக்கம் திருப்பினார். பையனும் தாயை விட்டுச் சித்தப்பா எமிலியானஸ் வீட்டோடு போய்விட்டான்.

எமிலியானஸ் இந்த வழக்கின் மூலவர். தன் மாமன் எழுதிய உயில் போலி என்று முன்பு ரோமில் வழக்காடித் தோற்றவர். விசாரித்தவர் நகரத் தலைவர் லோலியஸ் உர்பிக்கஸ், பிரித்தானியாவின் வடக்கே அந்தோனினஸ் சுவரைக் கட்டிய அதே தளபதி. பொய்வழக்குப் போட்டால் ரோமானியச் சட்டத்தில் தண்டனை உண்டு. அந்த அனுபவம் எமிலியானஸுக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த முறை ஒரு வேலை செய்தார். அப்புலேயஸ் மனைவிக்காக வேறொரு வழக்கில் வாதாட வந்திருந்தபோது, எமிலியானஸின் ஆட்கள் திடீரென்று, நீ சூனியக்காரன், பொன்டியானஸைக் கொன்றவன் என்று கூச்சல் போட்டார்கள். சரி, எழுத்தில் கொடுங்கள் என்றதும் கொலை காணாமல் போனது. சூனியம் மட்டும் பிராதில் ஏறியது. அதையும் தன் பெயரில் போடவில்லை. மைனர் பையன் புடென்ஸின் பெயரில் போட்டு, தான் துணை என்று நின்றுகொண்டார். வழக்கு பொய்த்துப்போனால் அடி விழுவது சின்னப் பையன் மேல். பதில் சொல்ல அப்புலேயஸுக்குக் கிடைத்தது ஐந்தாறு நாள்.

மருந்து என்ற சொல்

ரோமானியச் சட்டத்தில் சூனியம் என்றால் என்ன? இதற்கு நேரான விடை இல்லாததுதான் வழக்கின் அடித்தளம்.

கி.மு. 451–450இன் பன்னிரண்டு பலகைச் சட்டம் தீய பாட்டுப் பாடி மந்திரித்தவனையும், அயலான் விளைச்சலை மந்திரத்தால் இழுத்தவனையும் தண்டித்தது. பின்னதற்கு ஒரு வழக்கு உண்டு, மூத்த பிளினி சொல்கிறார். விடுதலை பெற்ற அடிமை ஃபூரியஸ் கிரேசிமஸின் சின்ன நிலத்தில், பக்கத்துப் பெரும் பண்ணைகளைவிட விளைச்சல் அதிகம். மந்திரித்துப் பயிரை இழுக்கிறான் என்று குற்றம் சாட்டினார்கள். அவர் மன்றத்துக்குத் தன் பண்ணையையே கொண்டுவந்தார்: நன்றாக உண்டு உடுத்திய பணியாட்கள், கனமான மண்வெட்டிகள், எடை மிகுந்த கொழுக்கள், வயிறு நிறைந்த மாடுகள். இவைதான் என் மந்திரங்கள், என் விடியற்கால விழிப்பையும் வியர்வையையும் மட்டும் இங்கே கொண்டுவந்து காட்ட முடியாது என்றார். ஒருமனதாக விடுதலை. இங்கேயும் வேர் பக்கத்து வயல்தான், கவனியுங்கள்.

கி.மு. 81இல் சர்வாதிகாரி சுல்லா, கொலையாளிகளையும் நஞ்சிடுவோரையும் பற்றிக் கொர்னேலியச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் இருந்த சொல் 'வெனெஃபிகியம்'. 'வெனேனம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நஞ்சு என்று மொழிபெயர்க்கிறோம், ஆனால் தமிழில் 'மருந்து' படும் பாட்டை நினைத்துக்கொண்டால் இன்னும் நன்றாகப் புரியும். காய்ச்சலுக்குக் கொடுப்பது மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்றால் சாவு, 'மருந்து வைத்துவிட்டாள்' என்றால் வசியம். வெனேனமும் அப்படித்தான். அப்புலேயஸ் வாழ்ந்த நூற்றாண்டின் சட்ட அறிஞர் கையஸ், வெனேனம் என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறார். அவர் இதை எழுத வேண்டியிருந்தது என்பதே யாரும் அப்படிச் சேர்த்துச் சொல்லவில்லை என்பதைக் காட்டுகிறது. நஞ்சு வைத்தவரைப் பிடிக்க வந்த சட்டம், அந்த ஒரு சொல்லின் வழியாகவே மெல்ல மெல்ல மந்திரித்தவரையும் பிடிக்க ஆரம்பித்தது. கொர்னேலியச் சட்டத்தின் தண்டனை நாடுகடத்தல், சொத்துப் பறிமுதல். சாமானியருக்கு அதைவிடக் கொடியது.

சாதாரண மக்களோ மந்திரத்தை அன்றாடம் கையாண்டார்கள். ஈயத் தகட்டில் எதிரியின் பெயரைக் கீறி, சுருட்டி, ஆணியடித்து, கல்லறையிலோ கிணற்றிலோ போடுவார்கள். நம் ஊரில் 'கட்டு' என்பார்களே, லத்தீனில் அதற்கான சொல்லும் ஆணியடித்து இறுக்குவதைத்தான் குறிக்கிறது. இதுவரை 1,600க்கும் மேற்பட்ட தகடுகள் கிடைத்திருக்கின்றன. திருடனுக்கும் தேரோட்டிக்கும் எழுதியதுபோலவே, வழக்கில் எதிராளியின் நாக்கைக் கட்டச் சொல்லி எழுதியதும் அதில் நிறைய. ஆக, சப்ராத்தாவில் கூடியிருந்த கூட்டத்துக்குச் சூனியம் கேலிக்கதை அல்ல, பக்கத்து வீட்டு விஷயம்.

மீன், பையன், கைக்குட்டை

பிராது தரப்பு முதலில் ஆளைப் பற்றிப் பேசியது. அழகாக இருக்கிறான், நன்றாகப் பேசுகிறான், தலைமுடி நீளம், கண்ணாடி வைத்திருக்கிறான், நண்பனுக்குப் பற்பொடி அனுப்பி அதோடு கவிதையும் அனுப்பினான். சட்டத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்று தள்ளியிருக்கலாம். அப்புலேயஸ் தள்ளவில்லை, குஷியாகிவிட்டார். நைல் முதலைகூட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பறவையை விட்டுப் பல்லைச் சுத்தம் செய்துகொள்கிறது என்று ஆரம்பித்து, கண்ணாடியில் ஒளி எப்படித் திரும்புகிறது, ஆர்க்கிமிடீஸ் என்ன எழுதினார் என்றெல்லாம் நீட்டினார். நடுவில் எமிலியானஸின் வாயையும் விட்டுவைக்கவில்லை. அரை மணி நேரம் சிரிக்கவைத்தால் மீதி இரண்டு மணி நேரமும் நீதிபதி உங்கள் பக்கம் இருப்பார் என்று தெரிந்த ஆள்.

மாக்ஸிமஸும் அதற்கேற்ற நீதிபதி. ஸ்தோயிக் தத்துவத்தில் தோய்ந்தவர். பிற்காலப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் தன் குறிப்புகளில் நன்றியோடு நினைத்துக்கொள்ளும் ஆசிரியர்களில் ஒருவர். அப்புலேயஸ் ஒவ்வொரு அடியிலும் 'உங்களைப் போலப் படித்தவர்கள் அறிவார்கள், மாக்ஸிமஸ் அவர்களே' என்று அவரைத் தன் பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். படித்தவர்கள் நாம் இருவர், எதிரில் நிற்பது காட்டான். உரை முழுக்க ஓடும் தந்திரம் இது.

சூனியத்துக்கு முதல் ஆதாரம் மீன். மீனவர்களிடம் விலை கொடுத்து விசித்திரமான மீன்களைத் தேடி வாங்கினான், அதில் கடல்முயல் என்ற நஞ்சுள்ள உயிரும் உண்டு, ஆணுறுப்புப் பெயரும் பெண்ணுறுப்புப் பெயரும் கொண்ட இரண்டு கடற்பொருள்களும் உண்டு. வசியத்துக்கு அல்லாமல் வேறு எதற்கு? இதற்கு அப்புலேயஸ் சொன்ன பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். பெயர் ஒற்றுமைதான் ஆதாரம் என்றால், பருந்துமீனை வைத்துப் பறவை பிடிக்கலாமே, கடற்பன்றியை வைத்துக் காட்டுப்பன்றி வேட்டையாடலாமே, சீப்புச் சிப்பியால் தலை வாரலாமே. கடற்கரைக் கூழாங்கல்லால் சிறுநீர்ப்பைக் கல்லையும், நண்டால் நண்டுப்புண்ணையும் குணப்படுத்தலாமே. புற்றுக்கு அவர்கள் மொழியில் நண்டு என்றே பெயர். அப்புறம் கவிஞர்களை வரிசையாக நிறுத்தினார்: ஹோமரிலும் வெர்ஜிலிலும் தியோகிரிட்டஸிலும் மந்திரக்காரிகள் மூலிகை பறிக்கிறார்கள், நூல் கட்டுகிறார்கள், மெழுகு உருக்குகிறார்கள். ஒருத்தியாவது மீன் வாங்கினாளா?

பிறகு உண்மைக் காரணம். அரிஸ்டாட்டில் வழியில் மீன்களை அறுத்துப் பார்த்து, கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, தன் நூலின் பகுதியை மன்றத்திலேயே வாசிக்கச் சொன்னார். வாசிப்பு முடியும்வரை நீர்க்கடிகாரத்தை நிறுத்தி வையுங்கள் என்று பணியாளிடம் சொல்வதும் உரையில் அப்படியே பதிவாகியிருக்கிறது. பேச்சுக்கு அளவாகத் தண்ணீர் சொட்டும். ஆவணம் வாசிக்கும்போது சொட்டாது. சொட்டுகிற நேரத்தில் மீன் பற்றிப் பேசியே தீர வேண்டுமா என்று நமக்குத் தோன்றும். மாக்ஸிமஸும் அரிஸ்டாட்டில் படித்தவர் என்பது நினைவுக்கு வந்தால் தோன்றாது.

அடுத்தது தல்லஸ். அடிமைச் சிறுவன். விளக்கும் சிறு பலிபீடமும் வைத்து மறைவிடத்தில் அப்புலேயஸ் மந்திரம் சொன்னார், பையன் தரையில் விழுந்தான், எழுந்தபோது தான் யார் என்றே தெரியவில்லை என்றார்கள். சிறுவனை மயக்கி வருங்காலம் கேட்பது அந்தக் காலத்தில் எல்லாரும் அறிந்த மந்திர முறை. ஆகவே இது ஆபத்தான குற்றச்சாட்டு. பதில் எளிது: பையனுக்கு வலிப்பு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மந்திரமே இல்லாமல் விழுகிறான். முகமெல்லாம் காயம். மற்ற அடிமைகள் அவனோடு ஒரு தட்டில் சாப்பிட மாட்டார்கள், அவனைக் கண்டால் துப்புவார்கள். அதனால்தான் தூரத்துப் பண்ணைக்கு அனுப்பப்பட்டிருக்கிறான். கூட ஒரு குத்தல்: அடிமைச் சந்தையில் வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க ககாத்தேஸ் என்ற கல்லைக் கொளுத்தி முகரவைப்பார்கள், குயவன் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாலும் வலிப்புக்காரர்கள் விழுந்துவிடுவார்கள். அப்படியானால் என்னைவிடக் குயவன் பெரிய மந்திரவாதி! நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் என் கண் அந்தப் பையன் மேலேயே போய் நிற்கிறது. இரண்டு தரப்பும் அவன் விழுவதைத் தங்கள் ஆதாரமாக்கிக்கொண்டன.

கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்று பொன்டியானஸ் வீட்டு நூலகத்தில், குலதெய்வங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. என்ன அது? பிராது தரப்புக்கே தெரியாது. சாவி வைத்திருந்தவனும் பிரித்துப் பார்க்கவில்லை. தெரியாத பொருள் சூனியப் பொருள் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிட்டு, கிரேக்க நாட்டில் தான் பெற்ற தீட்சைகளின் அடையாளங்கள் அவை, அதற்குமேல் சொல்ல மாட்டேன் என்று அப்புலேயஸ் வாயை மூடிக்கொண்டார்.

கிராஸஸ் என்ற சாட்சி வேறு ரகம். ஊரில் தான் இல்லாதபோது தன் வீட்டில் இரவுப் பூசை நடந்தது, திரும்பி வந்தபோது சுவரில் புகைக்கரியும் தரையில் பறவை இறகும் கண்டேன் என்று எழுத்தில் கொடுத்தான். நேரில் வரவில்லை. குடித்துவிட்டு எங்கோ கிடக்கிறான் என்றார் அப்புலேயஸ். அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டே தன் வீட்டுப் புகையைக் கண்டானா, ஹோமரின் ஒடிசியஸ் சொந்த ஊர்ப் புகைக்கு ஏங்கியதுபோல? சாட்சிக்கு விலை 3,000 செஸ்டர்ஸ், ஓயாவில் இது எல்லாருக்கும் தெரியும் என்கிறார். இரண்டரை ஆண்டுப் படைவீரச் சம்பளம். குடிகாரனுக்கு நல்ல கூலிதான்.

மரச்சிலை விஷயத்தில்தான் அவர் எல்லை தாண்டினார் என்பது என் கணிப்பு. எலும்புக்கூடு வடிவத்தில் பேய்ச்சிலை செய்து ரகசியமாக வழிபடுகிறான் என்பது குற்றச்சாட்டு. செய்த தச்சர் சாட்சி சொன்னார்: கருங்காலி மரம், ஒரு பெட்டியை உடைத்துச் செய்தது, மெர்க்குரி தெய்வம். சிலையை வரவழைத்து நீதிபதி கையிலேயே கொடுத்தார்கள். மல்லர் உடம்பு, முகத்தில் களை, எலும்பு எதுவும் தெரியவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்புலேயஸ் எமிலியானஸ் பக்கம் திரும்பி, இந்தப் பொய்க்காக மேலுலகுக்கும் கீழுலகுக்கும் நடுவே போய்வருகிற இந்தத் தெய்வம் உன் கண் முன்னால் செத்தவர்களின் உருவங்களையும் நிழல்களையும் சுடுகாட்டுப் பேய்களையும் குவிக்கட்டும் என்று சபித்தார். சூனிய வழக்கில், நீதிபதி முன்னால், சிலையை நீட்டிக்கொண்டு சாபம்! எதிர்த்தரப்பில் நல்ல வக்கீல் ஒருவர் இருந்திருந்தால் அந்த இடத்தில் எழுந்திருப்பார்.

அவர் மந்திரம் பொய் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 'மாகுஸ்' என்றால் பாரசீகர் மொழியில் பூசாரி, பிளேட்டோவே மதித்தவர் என்று முதலில் சொல்கிறார். அடுத்து ஒரு கிடுக்கி: இல்லை, மந்திரத்தால் நினைத்ததைச் சாதிப்பவன் என்றே பொருள் என்று நீங்கள் உண்மையில் நம்பினால், என்மேல் வழக்குப் போட எப்படித் துணிந்தீர்கள்? கொலைகாரனுக்குப் பயந்தால் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், நஞ்சுக்குப் பயந்தால் சாப்பாட்டைச் சோதிக்கலாம், மந்திரத்துக்கு என்ன காவல்? வழக்குப் போட்டதே நம்பவில்லை என்பதற்குச் சாட்சி. பின்னால் ஒரு இடத்தில், இந்த மணத்தில் எனக்கு ஆதாயம் என்று ஒன்றையாவது காட்டினால் நான் மோசே, தார்தானஸ் என்று பேர்பெற்ற எந்த மந்திரவாதியாகவும் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். பெயர்களைக் கேட்டதும் கூட்டம் கூச்சலிட்டது. பொது நூலகத்தில் படித்த பெயர்கள் இவை, பெயரைச் சொன்னதற்கா இந்தச் சத்தம் என்று அதையும் தனக்குச் சாதகமாக்கினார்.

கடிதத்தின் மீதி

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம். புடென்டில்லா மூத்த மகன் பொன்டியானஸுக்கு எழுதியது அது. சாட்சிகள் முன் முறைப்படி எடுத்த நகல் மன்றத்தில் இருந்தது. அப்புலேயஸ் முழுவதும் வாசிக்கச் சொன்னார். ரூஃபினஸ் காட்டிய துண்டுக்கு முந்தைய வரிகள் இவை: நான் மணம் செய்ய விரும்பியபோது, எல்லாரையும் விட்டு இவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி என்னை இணங்கவைத்தவன் நீதான். அவர்மேல் உனக்கு அவ்வளவு மதிப்பு, என் மூலமாக அவரை நம் குடும்பத்தில் சேர்க்க அவ்வளவு ஆசை. இப்போது கெட்டவர்கள் உன் மனதைக் கலைத்ததும், திடீரென்று அப்புலேயஸ் மந்திரவாதி ஆகிவிட்டார், எனக்கு வசியம் வைத்துவிட்டார், நான் காதலில் கிடக்கிறேன்! சரி, எனக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே வந்து சேர்.

தாய் மகனைக் கிண்டல் செய்கிறாள். அதன் வாலை மட்டும் வெட்டி ஒப்புதல் வாக்குமூலமாக்கிவிட்டார்கள். படித்து முடித்ததும் அப்புலேயஸ் கேட்டார்: அவர் கிண்டல் இல்லாமல் அப்படியே எழுதியிருந்தாலும் என்ன? என்னைக் கான்சல் (ரோமின் ஓராண்டுத் தலைமைப் பதவி) என்று எழுதியிருந்தால் நான் கான்சல் ஆகிவிடுவேனா? ஓவியர் என்று, மருத்துவர் என்று எழுதியிருந்தால்? வசியத்தில் புத்தி பிசகியவர் சொல் சாட்சியாகாது. புத்தி தெளிவாக இருந்தவர் என்றால் வசியமே இல்லை.

புடென்டில்லா சாட்சி சொன்னதாக உரையில் எங்கும் வரவில்லை. அவர் குரல் இந்தக் கடிதம்தான்.

கணக்கு

சூனியத்துக்கு நோக்கம் வேண்டுமே. பணத்துக்காக வசியம் வைத்தான் என்றார்கள். 60 வயதுக் கிழவியை வேறு எதற்கு இளைஞன் மணப்பான்? அப்புலேயஸ் பிறப்புப் பதிவேட்டை எடுத்து நீட்டினார். மகள் பிறந்ததைத் தந்தை அப்போதே பதிந்திருக்கிறார்; நூல் கட்டும் முத்திரையும் சரியாக இருக்கின்றன; அந்த ஆண்டிலிருந்து வந்த கான்சல்களை எண்ணிக்கொள்ளுங்கள், ஆண்டுக்குப் பெயரே அவர்கள் பெயர்தான். 40க்குச் சற்று மேல், அவ்வளவுதான். விரல் மடக்கி எண்ணும்போது பத்தை முப்பதாகப் பிடித்துவிட்டாய் போலிருக்கிறது, ஒரு விரல் வழுக்கினால் மன்னிக்கலாம், நாற்பதுக்கெல்லாம் உள்ளங்கையை விரித்தாலே போதுமே என்று கிண்டல்.

அடுத்தது சீதனம். 40 லட்சம் சொத்துக்காரியிடம் 3 லட்சம் மட்டும். அதுவும் கொடுத்ததல்ல, கொடுப்பதாக எழுதியது. பிள்ளை இல்லாமல் இறந்தால் முழுவதும் மகன்களுக்குத் திரும்பும், பிள்ளை இருந்தால் பாதி திரும்பும். கணவர் பெயருக்கு வாங்கினார் என்று சொல்லப்பட்ட பண்ணை 60,000 செஸ்டர்ஸ், பத்திரம் புடென்டில்லா பெயரிலேயே இருக்கிறது, வரி வாங்கிய அதிகாரியே சாட்சி. மணத்தை ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் ஒளித்து நடத்தியதும் சிக்கனத்துக்குத்தான்: பொன்டியானஸ் மணத்தின்போதும் புடென்ஸ் பருவம் வந்ததற்கான ஆண்மை உடை அணிந்த நாளிலும் ஊருக்குப் பணம் இறைத்ததில் 50,000 போய்விட்டது, இன்னொரு தடவை தாங்காது.

கடைசியில் உயில். மகன் கைவிட்டுப்போன கோபத்தில் புடென்ஸைத் தள்ளிவைக்கத் தாய் நினைத்தார், நான்தான் கெஞ்சி அவனையே வாரிசாக்கினேன் என்றார் அப்புலேயஸ். முத்திரையை உடையுங்கள், படியுங்கள் என்றார். வாரிசு: புடென்ஸ், யார் பெயரில் இந்தப் பிராதோ அவனே. மந்திரவாதிக் கணவனுக்கு மரியாதைக்குச் சொற்பம். கிரேசிமஸ் கொழுவையும் மாட்டையும் மன்றத்துக்குக் கொண்டுவந்ததுபோல இவர் பத்திரக்கட்டைக் கொண்டுவந்தார். போகிற போக்கில் ரூஃபினஸைப் பற்றியும் ஒரு தகவல்: மகளை மணம் முடிக்கும் முன் அவர் கல்தேய ஜோதிடர்களிடம் பலன் கேட்டாராம். முதல் கணவன் சில மாதங்களில் செத்துவிடுவான் என்றார்களாம்.

முடிவுரை ஒற்றை வரிகளாகச் சொட்டுகிறது. பல் விளக்குகிறாய்: சுத்தத்தை மன்னித்துவிடு. கண்ணாடி பார்க்கிறாய்: தத்துவவாதி பார்க்க வேண்டும். மீனை ஆராய்கிறாய்: அரிஸ்டாட்டில் சொல்லித்தருகிறார். மணம் செய்தாய்: சட்டம் செய்யச் சொல்கிறது. உன்னைவிட மூத்தவள்: வழக்கத்தில் உள்ளதுதான். ஆதாயம் தேடினாய்: இந்தா, பத்திரம்.

பின்னால் நடந்தவை

தீர்ப்பு ஏட்டில் இல்லை. ஆனால் அடுத்த பத்தாண்டில் அப்புலேயஸ் கார்த்தேஜில் ஊர் கொண்டாடும் பேச்சாளர். அவருக்குச் சிலை வைக்கிறார்கள். நாடுகடத்தப்பட்டவருக்கு யாரும் சிலை வைப்பதில்லை.

அதே உண்மைகளோடு அவர் 150 ஆண்டு கழித்துப் பிறந்திருந்தால் கதை வேறு. கி.பி. 300ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட, பவுலுஸ் பெயரில் வழங்கும் சட்டக் கருத்துகளில், மந்திரவாதியை உயிரோடு எரிக்கவும், மந்திர நூல் வைத்திருந்தாலே நூலை எரித்து, வைத்திருந்தவர் உயர்ந்தோராயின் தீவுக்கு அனுப்பவும், சாமானியராயின் கொல்லவும் சொல்லியிருக்கிறது. செய்வது மட்டுமல்ல, அந்த வித்தையை அறிந்திருப்பதே குற்றம். பொது நூலகத்தில் படித்தேன் என்ற வாதம் அங்கே ஒப்புதல் வாக்குமூலம். கான்ஸ்டன்டைன் நோய் தீர்க்கும் மந்திரத்துக்கும் திராட்சைத் தோட்டத்தை மழையிலிருந்தும் ஆலங்கட்டியிலிருந்தும் காக்கும் மந்திரத்துக்கும் விலக்குக் கொடுத்தார். அது நீடிக்கவில்லை. 370களில் வாலன்ஸ் ஆட்சியில் அந்தியோக்கியாவில் தொடங்கிப் பரவிய வேட்டையில், வயிற்று வலிக்குப் பொதுக்குளியலிடத்தில் பளிங்கையும் தன் மார்பையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு ஏழு உயிரெழுத்துகளை முணுமுணுத்த இளைஞன் ஒருவன் சித்திரவதைப்பட்டுத் தலை இழந்தான் என்று அம்மியானஸ் எழுதுகிறார். கிழக்கு மாகாணங்களில் ஜனங்கள் பயத்தில் தங்கள் நூலகங்களைத் தாங்களே கொளுத்திக்கொண்டார்கள்.

அப்புலேயஸ் வழக்கில் தப்பினார், பெயரில் தப்பவில்லை. மதௌராவில் படித்த கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் 250 ஆண்டு கழித்து எழுதும்போதும், இந்த ஆளைப் பெரிய மந்திரவாதி என்று பிறர் கொண்டாடுவதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தன்மேல் போட்ட சூனிய வழக்கை மறுத்து அவரே அவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறாரே என்று அகஸ்டின் சுட்டிக்காட்டினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புடென்டில்லாவுக்கு வேறொரு பெயர் கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டு எழுத்தாளர் சிடோனியஸ், கணவர்கள் படிக்கும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவிமார் என்று ஒரு பட்டியல் தருகிறார். சிசரோவுக்கு டெரன்ஷியா, இளைய பிளினிக்குக் கல்பூர்னியா, அந்த வரிசையில் அப்புலேயஸுக்குப் புடென்டில்லா.